மச்சான் வெட்டிய வேலி

முற்றத்தில் ஒரு புல் முளைத்தால் எனக்குச் சோறு இறங்காது. இதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து பார்த்தவனுக்குத்தான் களை படுத்தும் பாடு தெரியும். தெல்தோட்டைப் பக்கம் மலையில் நான் வேலை பார்த்த காலத்தில், காப்பிச் செடிக்கு அடியில் பச்சையாக ஏதாவது துரையின் கண்ணில் பட்டுவிட்டால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்பவன் நான்தான். காப்பியைத் தவிர வேறெதுவும் அந்த மண்ணில் இருக்கக் கூடாது. மண் மழித்த தலை மாதிரி இருக்க வேண்டும். ஆட்களை வரிசையாக நிறுத்திக் கையில் சுரண்டியைக் கொடுத்து மேலேயிருந்து கீழே வரை சுரண்டிக்கொண்டே வரச் சொல்வேன். கீழே வந்து சேர்வதற்குள் மேலே மறுபடி முளைத்திருக்கும். மறுபடி மேலே ஏறுவோம். பல வருஷம் இப்படியே போய், அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கையோடுதான் கண்டிக்கு வந்தேன். மலையிலிருந்து வண்டியில் வரும் காப்பியைக் காயவைத்து, பொறுக்கி, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பும் ஸ்டோர் ஒன்றில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த கையோடு கல்யாணமும் ஆயிற்று. பெண்ணின் தகப்பனார் கட்டுகஸ்தோட்டையில் மாட்டுவண்டி வைத்திருந்தவர். ஸ்டோருக்குக் காப்பி ஏற்றிவரும்போது என்னைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் கொடுத்தார். அவர் காலமான பிறகு வண்டியும் மாடும் வீடும் மகனுக்கு வந்தன. அந்த மகன்தான் என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். அண்ணனும் தங்கையும் இங்கேயே பிறந்தவர்கள். நான் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து தோணி ஏறி, மிச்சத் தூரத்தைக் காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தவன்.

மச்சான் வீட்டுக்கு மேல் சரிவில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தபோது, "பக்கத்துலயே இருந்தா எனக்கும் தங்கச்சிக்கும் நல்லது மாப்ள" என்று அவர்தான் முன்னே நின்று பேசி முடித்துக் கொடுத்தார். சிங்களத்தில் பேச அவர்தான் வேண்டும். எனக்கு அந்தப் பாஷை கடையில் உப்பு வாங்கும் அளவுக்குத்தான் வரும். நிலம் என் கைக்கு வந்த அன்று அவர் பிடித்த என் கையை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. அப்படி ஒரு பாசம்.

நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ரோட்டோரம் என் வீடு. வீட்டைச் சுற்றி முற்றம். அதற்குக் கீழே சரிவில் காப்பிச் செடிகளும் கொஞ்சம் வாழையும். சரிவு முடியும் இடத்தில் சமதரையாக ஒரு பகுதி. அங்கே ஓர் ஊற்று இருந்தது. அதை ஆள் வைத்து வெட்டி, சுற்றிலும் கருங்கல் கட்டிக் கிணறாக்கியவன் நான். கிணற்றைத் தாண்டி மழைத் தண்ணீர் போவதற்கு ஒரு கான் ஓடியது. அந்தக் கான்தான் எல்லை. கானுக்கு அந்தப் பக்கம் மச்சானின் வீடும் மாட்டுக் கொட்டகையும். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். அவருடைய மாடுகளும் அங்கே வந்துதான் குடித்தன. குடித்துவிட்டுச் சும்மா போகாமல் சரிவில் ஏறி என் காப்பிச் செடிகளைக் கடித்துவைத்தன. அதனால் கிணற்றுக்கு இந்தப் பக்கம், சரிவின் அடியில், முள்முருங்கைக் கொம்புகளை வரிசையாக நட்டு வேலி போட்டேன். நாங்கள் கிணற்றுக்குப் போய்வர நடுவில் ஒரு படல் வைத்தேன். அது எல்லை வேலி இல்லை, மாட்டு வேலி. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

பங்குனி வந்துவிட்டால் எனக்கு ஸ்டோரில் அவ்வளவு வேலை இருக்காது. பழ அறுவடை முடிந்து காப்பியெல்லாம் கப்பலேறியிருக்கும். வெயில் தலையைப் பிளக்கும். அந்த வெயிலில்தான் களையை வேரோடு எடுக்க வேண்டும், அப்போதுதான் காய்ந்து சாகும் என்பது தோட்டத்தில் படித்த பாடம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் குந்தினேன் என்றால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டேன். தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் அது சுருங்கி நல்ல பிள்ளை மாதிரி படுத்துக்கொள்ளும். அடியில் முள் நம் கைக்காகக் காத்திருக்கும். கோரையை இழுத்தால் தலை மட்டும் கையில் வரும், கிழங்கு உள்ளே கிடந்து சிரிக்கும். எல்லாவற்றையும் விட நாயுண்ணிதான் எனக்குப் பரம விரோதி. கண்டியில் யாரோ ஒரு துரைசாணி பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவந்து வளர்த்தாளாம். அவள் சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், செடி மட்டும் மலை மலையாக ஏறிக்கொண்டிருக்கிறது. என் முற்றத்துக்கு வந்த நாயுண்ணி ஒவ்வொன்றையும் நான் அவளைத் திட்டிக்கொண்டேதான் பிடுங்கினேன்.

முற்றம், காப்பிச் சரிவு எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். வேலியை மட்டும் மச்சான் பார்த்தார். முள்முருங்கைக்கு வெயிலும் தெரியாது மழையும் தெரியாது, கொம்பு நட்ட வருஷமே கிளைவிட்டு ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. ஒருநாள் நான் வெட்டுக்கத்தியோடு வேலிக்குப் போனபோது மச்சான் கீழேயிருந்து ஓடிவந்து கத்தியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு மாப்ள இதெல்லாம்? எழுத்து வேல செய்யிற கை. முள்ளு கிள்ளு ஏறுனா நாளைக்குப் பேனா புடிக்க முடியுமா? விடுங்க, நான் பாத்துக்குறேன்."

"உங்களுக்கு ஏன் மச்சான் சிரமம்?"

"சிரமமா? எலையெல்லாம் என் மாட்டுக்குத்தானே. தங்கச்சி வீட்டு வேலிய நான் வெட்டாம வேற யாரு வெட்டுவா?"

அன்றிலிருந்து வேலி அவர் கைக்குப் போயிற்று. மாதம் தவறாமல் வருவார். கீழே கிணற்றுப் பக்கம் நின்றுகொண்டு கிளைகளை வெட்டித் தன் பக்கம் சாய்த்து, தழையைக் கட்டி மாட்டுக்குக் கொண்டுபோவார். வெட்டிய வேலி கத்தரித்த மீசை மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். கிணற்றடியில் முளைக்கும் புல்லையும் அவரே அறுத்துக்கொள்வார். நான் மேலே முற்றத்தில் குந்தியபடி பார்த்து, "வேலி பிரமாதம் மச்சான்!" என்று கத்துவேன். அவர் கத்தியை உயர்த்திக் காட்டுவார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்து போகும். கடல் தாண்டி வந்தவனுக்குச் சொந்தமென்று யார் இருந்தார்கள்? கூடப் பிறந்த அண்ணன் தம்பிகூட எனக்காக முள்ளில் கை வைத்ததில்லை.

இந்தப் பெருமையை நான் மனசுக்குள் மட்டும் வைத்திருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக் காப்பியை வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அவர் நானா. பாலத்தடியில் அவருடைய கடை. அங்கே போய் உட்கார்ந்தால் நான் பேசுவது இரண்டே விஷயம்தான்: நாயுண்ணியைக் கொண்டுவந்த துரைசாணி, என் வேலியை வெட்டும் மச்சான். "வேலிப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை நானா, அந்தப் பக்கமெல்லாம் மச்சான் கையில்தான்" என்று யார் இருந்தாலும் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பிறகு கண்டிக்கு ரயில் வந்தது. மாட்டுவண்டிகளுக்குக் கொழும்புச் சவாரி போயிற்று. மச்சான் முதலில் ரயிலைக் கேலி செய்தார், அப்புறம் வைதார், அப்புறம் எதுவும் பேசவில்லை. வண்டிகளை ஒவ்வொன்றாக விற்று ஒரு ஜோடி மாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். பொழுதெல்லாம் வீட்டிலேயே இருந்தார். கிணற்றடிச் சமதரையில் குந்தி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். நான் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. வேலை போன மனுஷன் வேறு என்ன செய்வான்?

எனக்கும் காலம் சரியில்லை. காப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் படிய ஆரம்பித்தது. முதலில் மலையில் என்றார்கள், பிறகு என் சரிவிலும் கண்டேன். இலை உதிர்ந்து செடி குச்சியாக நின்றது. ஸ்டோருக்கு வரும் சாக்குகள் குறைந்தன. துரைமார் முகத்தில் சிரிப்பு போயிற்று. வீட்டுக்கு வந்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பேன்: "காப்பி முடிஞ்சுது. இதை வித்துட்டு எல்லாரும் ஊருக்குப் போயிருவோம்." என் மனைவி குழம்பை ஊற்றுவாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கும். மறுநாள் நான் அதை மறந்துவிட்டு முற்றத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருப்பேன். நான் சும்மா சொன்னேனா நிஜமாகவே சொன்னேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த வருஷப் பங்குனி மகா மோசம். மழை பேருக்குக்கூட இல்லை. ரோட்டுக்கு மேலே இருந்த கிணறுகளெல்லாம் அடி தெரிந்தன. எங்கள் கிணறு மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு காலை குளிப்பதற்காகப் படலைத் திறந்துகொண்டு இறங்கினால், கிணற்றைச் சுற்றி மண் கொத்திப் பாத்தி கட்டியிருக்கிறது. பாத்தியில் வெற்றிலைக் கொடி நடுவதற்குக் கொம்பு ஊன்றிக்கொண்டிருந்தார் மச்சான்.

"என்ன மச்சான் இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் கூட வந்து கொத்திருப்பேனே" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் நெலத்துல நடுறதுக்கு உங்கள எதுக்கு மாப்ள கஷ்டப்படுத்தணும்?"

நான் சிரித்தேன். மச்சான் உறவில் கேலி சகஜம்தானே. அவரும் சிரிப்பார் என்று நின்றேன். அவர் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். கொம்பை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார். அப்போதுதான் அது கேலி இல்லை என்று புரிந்தது.

"கெணறு நான் வெட்டுனது மச்சான்."

"வெட்டுனீங்க. யார் இல்லன்னா? ஆனா வேலிக்கு இந்தப் பக்கம் என்னோடது. ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எல்ல கான்தானே? வேலி மாட்டுக்காகப் போட்டது. உங்க மாட்டுக்காக!"

"எந்தக் கான்?" என்றார்.

கானைக் காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே கான் இல்லை. சமதரையாக மண் கிடந்தது. மண்ணை அள்ளிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அது என் மண். ஒரு புல் பூண்டு விடாமல் நான் சுரண்டிச் சுரண்டி வைத்த முற்றத்து மண்ணும் சரிவு மண்ணும், பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட இல்லாமல், மழைக்கு மழை கரைந்து வேலிக்கு அடியால் இறங்கிக் கானை நிரப்பியிருக்கிறது. குளிக்க இறங்கினாலும் நான் கிணற்றைத் தாண்டிப் போனதில்லை, மேலே இருந்து வேலியின் அழகைத்தான் பார்த்தேன், அதற்குக் கீழே என் எல்லை மூடிக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். மாதாமாதம் அங்கே நின்று பார்த்திருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் செத்துப்போன தகப்பனாரையும் இழுத்தேன். அவர் பாட்டுக்குக் கொம்புகளை ஊன்றிக்கொண்டிருந்தார். திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மேலே வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அண்ணன் ஏதாச்சும் நெனச்சுத்தான் செய்யும். விடுங்களேன்" என்றாள். கிணற்றை விட்டுவிட்டு இந்தச் சரிவில் எப்படிக் குடியிருப்பது? ரோட்டுக்கு மேலே தண்ணீர் இல்லை. ஆற்றுக்கு இறங்கிக் குடம் சுமந்து ஏறினால் முதுகு ஒடியும். கிணறு போனால் நிலத்தை நாளைக்கு விற்கக்கூட முடியாது, தண்ணீர் இல்லாத மேட்டை எவன் வாங்குவான்? இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "தெரியுது" என்றாள்.

ஊர்த் தலைவரான ஆராச்சியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர், வயதானவர். ஒரு காலை பெரிய மனிதர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். அவருக்கு உட்காரக் கதிரை கொண்டுவந்து போட்டவர் மச்சான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தவரும் அவரே, என் கிணற்றிலிருந்து இறைத்து.

ஆராச்சி நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். கான் இருந்த இடத்தைக் காட்டினேன்; தோண்டிக் காட்டுகிறேன், ஆள் கொடுங்கள் என்றேன். அவர் கையமர்த்திவிட்டு வேலியிடம் போனார். வெட்டிய கிளைகளின் முனைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லா வெட்டும் மச்சான் பக்கத்திலிருந்து விழுந்த வெட்டு. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த வேலியை யார் வெட்டுவது?

இராமநாதபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் வேலி என்றால் முள்ளை வெட்டிக் கொண்டுவந்து குவித்து அழுத்திவைப்பது. அது வளராது, அதை யாரும் வெட்டப்போவதில்லை. எவன் குவித்தானோ அவனுடைய வேலி. கண்டிப் பக்கத்தில் உயிர் வேலிக்கு வேறு நியாயம். வருஷக்கணக்கில் எவன் தன் பக்கம் நின்று வெட்டித் தழையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறானோ வேலி அவனுடையது, வேலிவரை நிலமும் அவனுடையது. அடுத்தவன் தன் வேலியில் கத்தி வைத்தால் அன்றைக்கே சத்தம் போட வேண்டும். சத்தம் போடாதவன் ஒப்புக்கொண்டவன். இங்கே பிறந்த குழந்தைக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டேன்தான், "வேலி பிரமாதம் மச்சான்" என்று.

ஆராச்சி பாலத்தடி நானாவைக் கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கணக்கப்புள்ள, நீங்கதானே எத்தனயோ தரம் என்ட கடயில இருந்து சென்னீங்க, வேலிப் பக்கமெல்லாம் மச்சான்ட கையிலன்னு. இப்ப கேக்கக்குள்ள மாத்திச் செல்ல எனக்கு ஏலா. கோவிக்க வாணாம்."

"நான் பாசத்துல சொன்னேன் நானா!"

"அது எனக்கு வெளங்குது. ஆராச்சிக்கு அத எப்பிடிச் செல்ற?"

கடைசியாக என் மனைவியைக் கேட்டார்கள். படலுக்கு இந்தப் பக்கம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். ஆராச்சி சிங்களத்தில் கேட்டதும் அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள், இங்கே பிறந்தவள் இல்லையா. அது எனக்கே புரிந்தது. அண்ணன்தான் வெட்டும், எப்பவும் அண்ணன்தான் வெட்டும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரு பக்கம் கூடப்பிறந்தவன், ஒரு பக்கம் கட்டியவன், நடுவில் நிறுத்திக் கேட்டால் பாவம் என்ன செய்வாள்? பொய்யும் சொல்லவில்லையே. ஆராச்சி வேலி மச்சானுடையது, கிணறும் அவர் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, நான்தான் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். "அழாத. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கண்ணன் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று தேற்றினேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் மச்சான் படலை இழுத்து மூடிக் கம்பிவைத்துக் கட்டினார். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் பகலில் கட்டினார். நான் அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவுசெய்து, குளிக்க மகாவலி ஆற்றுக்கு நடந்தேன். கரையில் துவைக்க வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்கள், நான் தாண்டியதும் தொடங்குவார்கள். ஊருக்கே சிரிப்பாகிவிட்டேன். வீட்டில் குடங்கள் மட்டும் எப்போதும் நிறைந்திருந்தன. பாவம், ரோட்டைச் சுற்றி அண்ணன் வீட்டு முன்வாசல் வழியாகப் போய்க் கெஞ்சி வாங்கி வருகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் அவள் மனசு நோகும் என்று கேட்கவில்லை. அவளுக்காக அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள், ஸ்டோரில் வேலை இல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டேன். வீட்டில் ஆளைக் காணோம். களை பிடுங்கலாம் என்று சுரண்டியை எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கை வைக்காத மூலைக்குப் போனேன். வீட்டின் பின்புறம் வாழைகளுக்கு மறைவாகச் சரிவு இறங்கி வேலியைத் தொடும் இடம் அது. காய்ந்த வாழைச்சருகு மண்டிக் கிடக்கும். சருகை விலக்கினால் அடியில் மண் வழவழவென்று இருந்தது. ஆள் நடந்து நடந்து தேய்ந்த மண். புல்லே இல்லை. நான் பிடுங்காத இடத்தில் புல் இல்லை என்றால் எனக்கு அதைவிட அதிசயம் வேறு இல்லை. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வேலியில் ஓர் ஆள் குடத்தோடு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நேரே கிணறு.

படலை மூடிவிட்டுத் தங்கைக்கு மட்டும் வழி விட்டிருக்கிறான், அந்த மட்டுக்கு ஈரம் இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குனிந்தேன். அடியோடு வெட்டப்பட்ட முள்முருங்கைக் கட்டைகளைப் பார்த்தேன். வெட்டுவாய் கறுத்துக் காய்ந்து ஓரத்தில் பட்டை சுருண்டு மூடியிருந்தது. கட்டையிலிருந்து கிளம்பிய தளிர்களை யாரோ ஒருமுறை ஒடித்துவிட்டு, ஒடித்த இடத்திலிருந்து மறுபடி தளிர் வந்து, அதையும் ஒடித்து, மூன்றாவதாகத் தளிர் வந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க வெட்டியதும் துளிர்த்ததும் பார்த்த கண்ணுக்கு இதில் கணக்குப் போட வேண்டியது ஒன்றுமில்லை. இது படலை மூடிய பிறகு வெட்டியது இல்லை. ஆராச்சி வருவதற்கு ரொம்ப முந்தி வெட்டியது. வெற்றிலைக் கொம்பு ஊன்றுவதற்கும் முந்தி.

படல் திறந்திருந்த நாளில் அவளுக்கு எதற்கு வேறு வழி? ஒருநாள் படல் மூடப்படும் என்று தெரிந்தவளுக்குத்தான் அது வேண்டும்.

நான் அங்கேயே குந்திவிட்டேன். ஆராச்சிக்கு முன்னால் அவள் அழுத அழுகையும், நான் முதுகைத் தடவியதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மச்சான் செய்ததைக்கூட நிலத்தாசை என்று சொல்லி வைதுவிடலாம். இதற்கு நான் யாரை வைவது?

கீழேயிருந்து அவள் குடத்தோடு வந்தாள். இடைவெளியில் நுழையும்போது என்னைப் பார்த்தாள். ஓடவும் இல்லை, குடத்தை மறைக்கவும் இல்லை. இறக்கிக் கீழே வைத்தாள்.

"எப்ப வெட்டுனது?" என்று கேட்டேன்.

"தைப் பொங்கல் கழிஞ்சு."

"உனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்."

"நான் உனக்கு என்ன கொற வச்சேன்?"

"கொற ஒண்ணும் இல்லங்க. நீங்க விப்பேன் விப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. வித்தா கெணறும் சேந்து போயிரும். அண்ணன் கையில இருந்தா எங்கயும் போகாது. அண்ணன் விக்காது."

"அட பாவி, ஊருக்குப் போறவளுக்கு இங்க கெணறு எதுக்குடி?"

அவள் குனிந்து குடத்தைத் தூக்கினாள். அரைக்குடம்தான் இருந்தது, இறக்கி வைத்ததில் சிந்தியிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. ஏதோ நான் மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போலத்தான் கேட்டாள்:

"நான் வாரேன்னு எப்பங்க சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதே இல்லை. போவோம் என்று அத்தனை வருஷமும் சொன்னது நான் ஒருவன்தான், அப்போதெல்லாம் அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். குடத்தை நிறைத்துக்கொண்டு வருவதற்காக அவள் மறுபடி வேலிக்குள் நுழைந்து அண்ணன் பக்கம் போனாள்.